கிளாரா பார்ட்டன் கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிபட்ட வீரர்களைக் கவனித்த கிளாரா பார்ட்டனைப் பற்றி, செவிலியர் தினத்தன்று நம் கிளை நூலகத்தில் வைத்த கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. வாசிப்பு அறையை ஒரு நாள் முழுக்க விட்டுக்கொடுத்த நூலகர் ஐயாவுக்கு முதல் நன்றி.

தையல்கடை அக்காவுக்கு அடுத்தது. 1862 செப்டம்பர் 17, அமெரிக்காவின் ஆன்டீட்டம் போர்க்களம். அடிபட்ட வீரருக்குக் கிளாரா தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு குண்டு அவருடைய சட்டைக் கையைத் துளைத்துக்கொண்டு போய் அந்த வீரரைக் கொன்றது. அந்த ஓட்டையைக் கிளாரா கடைசிவரை தைக்கவே இல்லை. அதே மாதிரி ஒரு தொளதொளச் சட்டைக் கை தைத்துத் தந்த அக்கா, புதுத் துணியில் ஓட்டை போட மனம் வராமல் கத்தரிக்கோலை என்னிடமே நீட்டினார்.

நர்சிங் கல்லூரிப் பிள்ளைகளே, நீங்கள் மடித்துக் கோத்த 630 உறைகள் முன்னால்தான் கூட்டம் நின்றது. நூறு கடிதத்துக்கு ஓர் உறை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865 முதல் 1868 வரை, காணாமல்போனவர்களைத் தேடி வந்த 63,000-க்கும் மேற்பட்ட கடிதங்களுக்குக் கிளாராவும் உதவியாளர்களும் பதில் எழுதினார்கள். 22,000 பேரின் கதி தெரியவந்தது. 1881-இல் அவர் தொடங்கிய அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்தக் கடிதங்கள்தான் பெரிது. முப்பது வருட வார்டு வேலையில், “சிஸ்டர், ஏதாவது தெரிஞ்சுதா?” என்று வாசலில் நிற்கும் முகங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். கெட்ட சேதியைக்கூடத் தாங்கிக்கொள்வார்கள்; ஒன்றுமே தெரியாமல் நிற்பதைத்தான் தாங்கமாட்டார்கள். ஒரு பாட்டி உறைகளைத் தொட்டுப் பார்த்து, “எல்லாம் பெத்தவங்க எழுதினதா?” என்று கேட்டார். பெற்றவர்கள், மனைவிமார், கூடப்பிறந்தவர்கள் என்றேன். அப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியாக, தச்சர் அண்ணனுக்கு. அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுத, வாஷிங்டன் ஏழாவது தெருவில் கிளாரா வைத்திருந்த அலுவலகத்தையே ஊர் மறந்துபோயிருந்தது. 1996-இல், இடிக்கவிருந்த அந்தக் கட்டடத்தைப் பார்வையிடப் போன ரிச்சர்ட் லயன்ஸ் என்ற அரசுத் தச்சர்தான், கூரைக்கடியில் கிடந்த பெயர்ப்பலகையையும் தாள்களையும் கண்டெடுத்தார். இதைச் சொன்னதும் நீங்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு, “தச்சரா?” என்று கேட்டீர்கள். மறுநாளே பலகை தயார்: “காணாமல்போன வீரர்கள் அலுவலகம், மூன்றாம் தளம், அறை 9, மிஸ் கிளாரா பார்ட்டன்.” கூலி வேண்டாம் என்றுவிட்டீர்கள்.

பலகை நூலகத்திலேயே இருக்கட்டும் என்கிறார் நூலகர் ஐயா. சரி, மரத்துக்கான காசையாவது வாங்கிக்கொள்ளுங்கள், அண்ணே.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற ஒரு செவிலியர்