2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: ஓர் இறுதி எபிசோடும் ஓராண்டு விவாதமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சேலம் மாநகரிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் இப்பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடியவுள்ள ஓராண்டில் நமது மன்றம் நடத்திய கூட்டங்கள், எழுந்த விவாதங்கள், எடுத்த முடிவுகள் ஆகியவற்றைத் தங்கள் ஒப்புதலுக்காகப் படிக்கிறேன். சென்ற ஆண்டறிக்கை நீண்டுவிட்டது என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டதால், சந்தா, அரங்க வாடகை, தேநீர்ச் செலவு முதலியவற்றைப் பொருளாளரின் கணக்கறிக்கைக்கே விட்டுவிட்டேன். ஆனால் ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ தொடரின் இரண்டாம் சீசன் இறுதி எபிசோடு குறித்த பகுதியைச் சுருக்க இயலவில்லை. ஆண்டின் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொண்டது. தொடரை அறியாதவர்களுக்கு ஒரு வரி: டிராகன்களில் ஏறிப் போரிடும் டார்கேரியன் அரச குடும்பத்தில், விசெரிஸ் மன்னருக்குப் பின் அரியணை யாருக்கு என்று அவருடைய மூத்த மகள் ரெனீராவின் பக்கத்தாரும் (கறுப்பர்), இரண்டாம் மனைவி அலிசென்டின் மகன் ஏகானின் பக்கத்தாரும் (பச்சையர்) மோதுவதே கதை; ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்கு முந்தைய காலத்தில் நடப்பது.

இம்மன்றம் தோன்றிய வரலாறு பழைய உறுப்பினர்கள் அறிந்ததே. 2019 மே மாதம் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் எட்டாம் சீசன் ஆறே எபிசோடுகளில் முடித்துவைக்கப்பட்டபோது, அதை மீண்டும் எடுக்க வேண்டும் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். அந்த முடிவை ஏற்க முடியாது என்றவர்களும், ஏற்றால் என்ன என்றவர்களும் அஸ்தம்பட்டியில் ஒரு மாடியறையில் கூடிச் சண்டையிட்டதுதான் நமது முதல் கூட்டம். அன்றிலிருந்து இறுதி எபிசோடு என்றாலே சந்தேகக் கண்ணோடு உட்காருவது நம்மவர்களின் வழக்கமாகிவிட்டது.

இரண்டாம் சீசன் 2024 ஜூன் 16 முதல் ஆகஸ்ட் 4 வரை அமெரிக்காவில் ஞாயிறு இரவுகளில் ஒளிபரப்பானது. நமக்கு அது திங்கட்கிழமை காலை ஆறரை மணி. பள்ளி வேனும் பால்காரரும் வருகிற நேரம் அதுவே ஆகையால், ஒரு சாரார் காலையிலேயே பார்த்துவிட்டனர். வேலைக்குப் போகிறவர்கள் இரவில் பார்த்தனர். ஏற்காட்டுத் தோட்டங்களில் உள்ள உறுப்பினர்கள் சிக்னல் கிடைத்தபோது பார்த்தனர். முன்னதாகப் பார்த்தவர்கள் கதையைச் சொல்லிவிடுவதால் எழுந்த மனக்கசப்பைத் தவிர்க்க, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரை எவரும் வாய் திறக்கக் கூடாது என்று செயற்குழு விதி செய்தது. விதிக்கு ஏறக்குறைய அனைவரும் கட்டுப்பட்டனர். கூட்டத்திலேயே எபிசோடைத் திரையிடலாம் என்ற கோரிக்கை, வீட்டுச் சந்தாவில் பார்ப்பதை உரிமம் இன்றிப் பொது இடத்தில் காட்டுவது முறையல்ல என்பதால் ஏற்கப்படவில்லை.

இதைவிடக் கடினமானது, மூல நூலான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘ஃபயர் அண்ட் பிளட்’டைப் படித்தவர்களையும் படிக்காதவர்களையும் ஒரே அறையில் அமர வைப்பது. 2018இல் வெளிவந்த அந்நூலில் யார் எப்போது சாகிறார்கள் என்பது வரை இருக்கிறது. ஆகவே நூலிலிருந்து ஏதேனும் சொல்ல விரும்புகிறவர் முதலில் கையை உயர்த்த வேண்டும், கேட்க விரும்பாதவர் வெளித் தாழ்வாரத்துக்குச் சென்றுவிடலாம் என்று ஏற்பாடு செய்தோம். தாழ்வாரத்தில் தட்டுவடை செட் வைக்கப்பட்டிருந்தது. கேரட்டும் பீட்ரூட்டும் துருவி வைத்த தட்டுவடையின் காரணமாகவோ என்னவோ, ஒரு கூட்டத்தில் உள்ளே இருந்தவர்களைவிடத் தாழ்வாரத்தில் இருந்தவர்களே மிகுதியாகிவிட்டனர் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இனி இறுதி எபிசோடுக்கு வருகிறேன். கீதா வசந்த் படேல் இயக்கிய அந்த எபிசோடில் போர் எதுவும் நடப்பதில்லை. வடக்கிலிருந்து ரெனீராவுக்குத் துணையாக ஸ்டார்க் படை புறப்படுகிறது, ஏகான் பக்கத்து ஹைடவர் படைக்கு மேலே ஒரு டிராகன் பறக்கிறது, கப்பல்கள் கிளம்புகின்றன, ரெனீராவின் கணவன் டேமனின் மகள் ரேனா ஒருவழியாகக் காட்டு டிராகனைக் கண்டடைகிறாள், திரை இருண்டுவிடுகிறது. முதல் சீசனில் பத்தாக இருந்த எபிசோடுகள் இம்முறை எட்டாகக் குறைக்கப்பட்டிருந்தன. நூலில் வரும் கல்லெட் கடற்போர் அடுத்த சீசனுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இதைக் கண்டு அம்மாப்பேட்டையைச் சேர்ந்த விசைத்தறி உரிமையாளர் ஒருவர், பாவு ஓட்டி முடித்த கையோடு தறியை நிறுத்தியவன் துணியைக் காட்டி விலை கேட்க முடியாது என்று சொன்னதை, அந்தத் தரப்பின் மொத்த வாதமாகவே எடுத்துக்கொள்ளலாம். நான்காம் எபிசோடில் ரெனீராவின் பக்கம் நின்ற ரெனிஸும் அவருடைய டிராகன் மெலிஸும் வீழ்ந்த ரூக்ஸ் ரெஸ்ட் போருக்கு நிகராக ஒன்று முடிவில் இருந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர். பெரும்பான்மையும் அவர்கள் பக்கமே இருந்தது.

மறு தரப்பின் வாதம் மெதுவாகத்தான் திரண்டது. அதை முழுமையாகச் சொன்னவர் ஃபேர்லாண்ட்ஸ் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. அவர் தொடங்கியது இறுதி எபிசோடில் அல்ல, முதல் எபிசோடில். நூலில், ஏகானின் தங்கையும் மனைவியுமான ஹெலைனாவுக்கு இரண்டு மகன்கள். ரெனீராவின் மகன் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க அரண்மனைக்குள் நுழைந்த கொலையாளிகள், எந்த மகன் சாக வேண்டும் என்று தாயையே சொல்லச் சொல்கிறார்கள். அவள் இளையவனான மேலரின் பெயரைச் சொல்ல, அவர்கள் மூத்தவனைக் கொன்றுவிட்டுப் போகிறார்கள். தொடரில் மேலர் என்ற பிள்ளையே இல்லை. உறங்கும் இரட்டையரில் ஆண் குழந்தை எது என்று காட்ட மட்டுமே ஹெலைனா கட்டாயப்படுத்தப்படுகிறாள். நூலின் கொடுமையான அந்தக் கேள்வி கைவிடப்பட்டதாக நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆசிரியை அம்மையாரின் கருத்து வேறு. அக்கேள்வி கைவிடப்படவில்லை, அது ஹெலைனாவிடமிருந்து எடுக்கப்பட்டு, எட்டாம் எபிசோடில் அவளுடைய தாய் அலிசென்டின் முன் வைக்கப்பட்டிருக்கிறது. தலைநகரை ஒப்படைக்கிறேன், என் மகளோடும் பேத்தியோடும் எங்காவது போய்விடுகிறேன் என்று இரகசியமாக வந்து நிற்கும் அலிசென்டிடம், மகனுக்கு ஈடாக மகன் என்று ரெனீரா ஏகானின் உயிரைக் கேட்கிறாள். அலிசென்ட் சற்றுநேரம் கழித்து இசைகிறாள். முதல் எபிசோடின் தலைப்பும் மகனுக்கு மகன் என்பதே. ஆகவே இச்சீசன் தொடங்கிய கேள்வியிலேயே முடிந்திருக்கிறது, போர் வரவில்லை என்பதற்காக முடிவு வரவில்லை என்று சொல்லக் கூடாது என்றார்.

அரங்கில் சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், “டீச்சர், பெற்ற தாய் அப்படிச் சம்மதிப்பாளா?” என்று குகையிலிருந்து வந்த இளைஞர் கேட்டார். “சம்மதித்தாள் என்று நான் நியாயம் சொல்லவில்லை, தம்பி. அவளிடம் அதைக் கேட்டார்கள் என்றுதான் சொல்கிறேன்” என்றார் அவர்.

இவ்வாண்டில் முன்வைக்கப்பட்ட ஊகங்களிலும் விளக்கங்களிலும் இதுவே மிகச் சிறந்தது என்பது செயலாளரின் தனிப்பட்ட கருத்து. அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லும் ஊகம் ஒன்று பலிக்கும், ஒன்று பொய்க்கும். அத்துடன் அதற்கு வேலை முடிந்தது. கண் முன்னே நடந்து முடிந்ததை வேறு விதமாகக் காட்டும் ஊகம், அந்த எபிசோடை மறுபடியும் பார்க்க வைக்கிறது. அன்றிரவே நானும் பார்த்தேன். இருப்பினும் என் மறுப்பு ஒன்று அப்படியே இருக்கிறது. ரெனீராவின் பக்கம் நிற்கும் கார்லிஸ் வெலாரியனின் கப்பல்கள் கடலை அடைத்து நிற்கும் வேளையில், அரசனைப் பெற்ற தாய் ஒருத்தி படகேறி எதிரியின் கோட்டைக்குப் போய்த் திரும்புவது அவ்வளவு எளிதா? மூன்றாம் எபிசோடில் ரெனீரா மாறுவேடத்தில் தலைநகருக்கு வந்து அலிசென்டைச் சந்தித்தாயிற்று. அதே உத்தியை அதே சீசனில் திருப்பிப் போட்டிருப்பது எழுத்தின் சோம்பல். ஆசிரியை அம்மையார் இதை ஒப்புக்கொண்டார், ஆனால் பொருட்படுத்தவில்லை.

அவரே வரைந்து தந்த வம்சாவளிப் பட்டியலையும் இங்கே குறிப்பிட வேண்டும். சார்ட் தாளில் கறுப்பர் பக்கத்தைக் கறுப்பு மையாலும் பச்சையர் பக்கத்தைப் பச்சை மையாலும் எழுதி, டிராகனுக்கு உரியவர்களின் பெயருக்குக் கீழே அடிக்கோடிட்டு, இறந்தவர்களின் பெயர் மீது பென்சிலால் மட்டும் கோடு போட்டிருந்தார். தொடரில் யாரும் திரும்பி வரக்கூடும் என்பதால் பேனா இல்லை என்றார். ரெனீரா, ரெனிஸ், ரேனா என்று குழம்பியவர்களுக்கு அப்பட்டியல் பேருதவி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு, இரு பங்காளி வீடுகளிலும் ஒவ்வோர் ஏகான் இருப்பது வியப்பாகவே படவில்லை. சாகும் தறுவாயில் விசெரிஸ் மன்னர் முன்னோரான ஏகானின் கனவைப் பற்றி முனகியதை, தன் மகன் ஏகானைப் பற்றி என்று அலிசென்ட் எடுத்துக்கொண்டதில்தானே இத்தனை வினையும் வந்தது.

அடுத்த கூட்டம் ஏற்காட்டில், காப்பித் தோட்டம் ஒன்றின் மேலாளராக உள்ள நம் உறுப்பினரின் இல்லத்தில் நடந்தது. அங்கே எடுத்துக்கொண்ட பொருள், ஹாரன்ஹால் கோட்டையில் டேமன் மரத்தைத் தொட்டுக் காணும் காட்சிகள். பனிமனிதர்கள், சிவந்த வால்நட்சத்திரம், குட்டி டிராகன்களோடு டெனேரிஸ், அரியணையில் ரெனீரா என ஓடி மறையும் அக்காட்சிகளுக்கு நடுவே மரத்தோடு மரமாகப் பிணைந்த ஒரு மனிதன் வருகிறான். மேலாளர் தம் டேப்லெட்டில் அந்த நொடியை நிறுத்தி, வெளிச்சத்தைக் கூட்டி, முகத்திலிருக்கும் சிவந்த மச்சத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். அது பிரிண்டன் ரிவர்ஸ் என்றும், டேமன் வாழும் காலத்துக்கு வெகுநாள் பின்னர் பிறக்கப்போகிறவன் என்றும் நூல் அறிந்தோர் விளக்கினர். தாழ்வாரத்துக்குப் போனவர்கள் குளிர் தாங்காமல் திரும்பிவிட்டதால் அவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

விவாதம் சூடேறியது அதன் பிறகே. அக்காட்சிகளைக் கண்டுதான் டேமன் மனம் மாறி ரெனீராவுக்கு மண்டியிடுகிறான். ஆனால் பனிமனிதர்களிடமிருந்து உலகைக் காக்கப்போவது ஒரு டார்கேரியன் என்ற அந்த முன்னறிவிப்பு எங்கே போய் முடியும் என்பதை நாம் 2019இலேயே பார்த்துவிட்டோம். பனிமனிதர்களின் தலைவனான இரவு அரசனைக் கொன்றவள் ஆர்யா ஸ்டார்க், டார்கேரியன் எவருமில்லை. இரும்பு அரியணையை டெனேரிஸின் டிராகன் டிரோகன் உருக்கிவிட்டது; ஆர்யாவின் தம்பி பிரான் அரசனானான். இவ்வளவும் தெரிந்த பிறகு முன்னறிவிப்பைக் காட்டி எங்களை மிரட்ட முடியுமா என்று அரிசிபாளையம் உறுப்பினர் கேட்டதற்கு உடனடியாக விடை கிடைக்கவில்லை. மேலாளர் கடைசியில் சொன்ன விடை எனக்கு ஏற்புடையதாக இருந்தது. ஜாதகம் பலிக்கிறதோ இல்லையோ, அதை நம்பி நின்றுபோன கல்யாணங்கள் ஊரில் உண்டு. டேமன் கண்டது பலிக்க வேண்டியதில்லை, அவன் அதை நம்பினால் போதும். இதற்கு மறுப்புகள் வந்துகொண்டிருக்கும்போதே கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் தீர்மானம் ஏதுமின்றிக் கூட்டம் கலைந்தது. பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகள் முடியும் வரை அது தொடர்ந்ததாகக் கேள்வி.

செப்டம்பர் மாதம் மார்ட்டின் அவர்களே மேலர் நீக்கப்பட்டது குறித்துத் தம் வருத்தத்தைப் பொதுவில் எழுதி, பின்னர் அதை நீக்கிவிட்டார். தம் கதையைத் தழுவிய தொடரை ஆசிரியரே குறை கூறலாமா என்று ஒரு மாலை பேசினோம். கூறலாம் என்பதே பொதுக் கருத்து.

டிசம்பரில் ஏற்காட்டில் நடக்கவிருந்த கூட்டம், ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டதை அடுத்துக் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக ஜனவரியில் சேலத்தில் நடந்த கூட்டம் எதிர்பாராத வகையில் சிறப்பாக அமைந்தது. ‘ஃபயர் அண்ட் பிளட்’ ஒரு நாவலைப் போல அல்லாமல் வரலாற்று நூலைப் போல எழுதப்பட்டது. மன்கன், யூஸ்டஸ், அரண்மனைக் கோமாளி மஷ்ரூம் என மூவர் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்வதை வைத்துக்கொண்டே அதன் ஆசிரியர் கதையை நகர்த்துகிறார். ஆகவே நூலில் உள்ளபடி எடுக்கவில்லை என்ற புகாருக்கு, நூலில் உள்ளபடி என்றால் யார் சொன்னபடி என்ற எதிர்க்கேள்வி எழுந்தது. அங்கிருந்து பேச்சு இயல்பாகவே ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதற்குப் போய்விட்டது. உடையார்குடிக் கல்வெட்டு பெயர்களைச் சொல்லியிருந்தும், கல்கி தம் ‘பொன்னியின் செல்வ’னில் அக்கேள்வியைத் திறந்தே வைத்தார். 1954இல் தொடர் முடிந்தபோது, இப்படித் திடீரென்று நிறுத்தலாமா என்று கேட்ட வாசகர்களுக்கு அவர் முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் அந்தச் சண்டையைப் போட்டவர்கள். அன்று பார்வையாளராக வந்திருந்த மூத்தவர் ஒருவர், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் நம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்ததுதான், மாயாஜாலக் கதை சேலத்துக்குப் புதிதன்று என்று நினைவூட்டினார். ஏற்காடு சாலையில் நிற்கும் அந்த நுழைவு வளைவைத் தினமும் கடந்து செல்லும் உறுப்பினர்கள் கைதட்டினர்.

மற்றவை சுருக்கமாக. மன்ற நூலகத்துக்குரிய ‘ஃபயர் அண்ட் பிளட்’ பிரதியை எடுத்துச் சென்றவர் அருள்கூர்ந்து திருப்பித் தர வேண்டும். பிப்ரவரியில் ஜியோ சினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஜியோஹாட்ஸ்டாராக இணைந்ததால் எழுந்த சந்தா ஐயங்களுக்குப் பொருளாளர் விளக்கம் தருவார்.

தொடர் நான்கு சீசன்களோடு நிறைவுறும் என்று அதன் பொறுப்பாளர் ரயன் காண்டல் அறிவித்திருக்கிறார். மூன்றாம் சீசனின் படப்பிடிப்பு 2025 மார்ச்சில் தொடங்கியது. எனவே வரும் ஆண்டில் முதலிரண்டு சீசன்களையும் வரிசையாக எடுத்துக்கொண்டு விவாதிக்கவும், தாழ்வார விதியைத் தொடரவும், வம்சாவளிப் பட்டியலை லேமினேட் செய்யவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. கடைசிப் பரிந்துரைக்கு ஆசிரியை அம்மையார் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்துள்ளார். லேமினேட் செய்துவிட்டால் பென்சில் கோட்டை அழிக்க முடியாது என்பது அவர் கூறும் காரணம். அது குறித்துப் பொதுக்குழு முடிவெடுத்து, இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்