செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

சென்ற பொதுக்கூட்டத்தில் நூலக அலுமாரி, மைதான வேலி, மண் வகுப்பு ஆகியவற்றுக்குத் தீர்மானம் எடுத்தோம். அலுமாரி வந்துவிட்டது. வேலி வராத காரணத்தைப் பொருளாளர் சொல்வார். எனக்குச் சொல்ல இருப்பது மண்ணைப் பற்றித்தான்.

"மண்ணுக்கும் ஒரு வகுப்போ?" என்று பெரியவர்கள் முதலில் சிரித்தார்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எங்கள் பிள்ளைகள் பாலை மரத்தடியில் சருகை விலக்கி, உக்கல் மண்ணில் வெள்ளை நூலாக ஓடிய பங்கசை, அதாவது பூஞ்சணத்தைக் காட்டினார்கள். சிரிப்பு அடங்கியது.

சருகைத் தின்னும் பங்கசும் பக்டீரியாவும் எங்களைப் போலவே மூச்சுவிட்டுக் காபனீரொட்சைட்டை வெளியேற்றுகின்றன. மண் சூடேறினால் அந்த மூச்சு கூடுகிறது. அமெரிக்காவின் ஹார்வர்ட் காட்டில் 1991 முதல் மண்ணுக்குள் மின்கம்பி புதைத்து 5 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கி வந்தார்கள். முதற் பத்தாண்டில் மண்ணிலிருந்த காபன் விரைவாகக் குறைந்தது. பிறகு சில ஆண்டுகள் நின்றது. இலகுவில் உக்குவது தீர்ந்து, நுண்ணங்கிக் கூட்டமே மாறி, கடினமானதைத் தின்னத் தொடங்கியபின் மறுபடி குறைந்தது என்பது ஆய்வாளர் கருத்து. 26 ஆண்டுகளில் மேல் 60 சென்ரிமீற்றர் மண்ணின் காபனில் 17 சதவீதம் போய்விட்டது.

"அது குளிர்நாடு, எங்களுக்கென்ன?" என்றார் ஒரு கமக்காரர். நியாயமான கேள்வி. ஆனால் பனாமாவின் வெப்பமண்டலக் காட்டில் மண்ணை 4 பாகை சூடாக்கிய இரண்டு ஆண்டுகளில் காபனீரொட்சைட்டு வெளியேற்றம் 55 சதவீதம் கூடியதாக 2020இல் அறிவித்தார்கள். வெயிலுக்குப் பழகிய மண் அசையாது என்று இருந்துவிட முடியாது.

வன்னிக் காட்டில் வெயிலோடு ஈரமும் சேர்ந்தே கணக்குப் பார்க்கிறது. ஆவணியில் பாலையும் வீரையும் நிற்கும் மண் காய்ந்து கிடக்கையில் நுண்ணங்கிகளில் பெரும்பகுதி உறக்கம். ஐப்பசி மழை விழுந்ததும் விழித்து ஒரேயடியாக மூச்சுவிடும். அப்போது எழும் மண்வாசனைக்கும் மண் பக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் ஒரு முக்கிய காரணம். இந்தப் பகுதியைப் பிள்ளைகளிடம் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

காட்டோர வளவுகளில் சருகு எரிப்பதில்லை, தென்னையின் அடியில் போடுவது என்று தீர்மானித்தோம். பல வீடுகள் கடைப்பிடிக்கின்றன. செயலாளர் வீட்டிலேயே ஒருநாள் புகை எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. அம்மாவுக்குத் தீர்மானம் எட்டியிருக்கவில்லை.

நிழலில் ஒன்றும் வெட்டவெளியில் ஒன்றுமாக இரண்டு மண் வெப்பமானிகள் வைத்தோம். நிழலில் இருந்ததைக் காட்டுப்பன்றி கிளறி உடைத்துவிட்டது. புதியது ஒன்றும், அதைச் சுற்றிக் கட்ட முட்கம்பியும் வாங்கச் சபையின் அனுமதியைக் கோருகிறேன்.

செயலாளர்