தலையில் அடிபட்டவனை ஆடவிடுவது வீரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திங்கட்கிழமை இதழில் மின்னொளி கபடிச் செய்தி படித்தேன். எதிரணி வீரரின் முழங்கால் தலையில் மோதி மயங்கி விழுந்தவர், முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து அடுத்த ரெய்டிலேயே இரண்டு புள்ளி அள்ளினாராம். 'சிங்கம்' என்று புல்லரித்திருக்கிறார் தங்கள் நிருபர்.

முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி, அதுவும் வளரும் பிள்ளைகளுக்கு, மூளை வீங்கி உயிரையே குடிக்கக்கூடும் என்பது தங்களுக்குத் தெரியாததா? 2025 ஜனவரியில் புனேயில் கிரிக்கெட் வீரர் ஷிவம் துபேக்கு ஹெல்மெட்டில் பந்து பட்டபோது, அவருக்குப் பதில் ஹர்ஷித் ராணா வந்தது நியாயமா என்று பக்கம் பக்கமாக அலசியவர்கள்தானே நீங்கள்? கிரிக்கெட்டில் 2019 முதலே இதற்கென்று மாற்று வீரர் உண்டு. பெரிய ரக்பி போட்டிகளில் சந்தேகம் வந்தாலே வெளியே அழைத்துப் போய்ச் சோதிக்கிறார்கள். கபடிக்காரனுக்கு மட்டும் ஒரு சோடா. மாற்று ஆட்டக்காரர்கள் வெளியே சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் மகனுக்கும் இதே கதைதான். 'இது எத்தனை விரல்?' என்று கேட்டார்கள். 'ரெண்டு' என்றான். முதுகில் தட்டி உள்ளே அனுப்பிவிட்டார்கள். எந்த ஊரில் ஆடுகிறோம், கடைசிப் புள்ளி எடுத்தது யார் என்று கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். வண்டியில் வரும் வழியெல்லாம் 'ஜெயிச்சோமாப்பா?' என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ராத்திரி வாந்தி. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு, 'ஒன்றுமில்லை' என்று அனுப்பினார்கள். ரத்தக்கசிவு இருந்தால் ஸ்கேன் காட்டும். அடியால் மூளைக்கு வரும் இந்த அதிர்ச்சி பெரும்பாலும் அதில் தெரியாது. அப்புறம் வெளிச்சம் ஆகாது, புத்தகத்தைத் திறந்தால் தலைவலி, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். பள்ளிக்கூடத்தில் 'நடிக்கிறான்' என்றார்கள். ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, மெல்லோட்டம், மோதல் இல்லாத பயிற்சி, கடைசியில் டாக்டர் சரி என்றால்தான் களம் என்று எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

இதையெல்லாம் அப்போதே தங்களுக்கு எழுதினேன். வெளிவரவில்லை. ஐபிஎல் ஏல நேரம், இடம் இருந்திருக்காது.

பொங்கல் கபடிப் போட்டி அறிவிப்புகளைப் போடுகிறீர்களே, அவற்றின் அடியில் இதையும் சேருங்கள்: தலையில் அடிபட்டுத் தடுமாறினால், மயக்கமே வராவிட்டாலும், அவருக்கு அன்றைக்கு ஆட்டம் கிடையாது, வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி என்றால் உடனே 108. பொடி எழுத்தில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
கபடி ஆடும் பையனின் தகப்பன்,
துறையூர்.