பழைய தமிழ் வலைப்பக்கங்களை அவற்றின் எழுத்துருக்களோடு காத்திடுக: தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 என்னும் தமிழ்க் கணினி மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, 2001இல் தொடங்கப்பட்ட நிறுவனம் தங்களுடையது. இணையத் தமிழின் தொடக்ககால ஆவணங்களைக் காக்கும்படி யாரையேனும் கேட்க வேண்டுமென்றால், முதலில் தங்களைக் கேட்பதே முறை. தங்கள் மின்னூலகம் அச்சு நூல்களையும் பழைய இதழ்களையும் சுவடிகளையும் மின்வருடி வலையேற்றி வருகிறது. அந்த அக்கறை, 1990களின் நடுவிலிருந்து ஏறத்தாழ 2010 வரை எழுதப்பட்ட தமிழ் வலைப்பக்கங்களுக்கும், அவற்றைப் படிக்க இன்றியமையாத எழுத்துருக் கோப்புகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பழைய கணினிகளையும் பழைய இணையத்தையும் கொண்டாடும் ஆர்வலர்களின் தளங்கள் இன்று உலகெங்கும் உள்ளன. வருகைப் பதிவேடு, வருகையாளர் எண்ணி, குறுக்கே ஓடும் எழுத்து, மினுக்கும் ஜிஃப் படம் என்று அக்காலத்துப் பக்கத்தை அப்படியே திரும்பக் கட்டுகிறார்கள். 2013இல் தொடங்கிய நியோசிட்டீஸ் அதற்கென்றே இடம் தருகிறது. வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்வோர் உண்டு, அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம், யாரும் இலவசமாகப் பக்கம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியபோது, அங்கிருந்த பக்கங்களை அள்ளிச் சேமித்து மறு ஆண்டே யாரும் இறக்கிக்கொள்ளும்படி டொரண்டு என்னும் கோப்புப் பகிர்வு முறையில் வெளியிட்டது ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் குழுதான். வலைப்பக்கங்களில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் இயக்கிய ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 இறுதியில் நின்றபின், பழைய ஃபிளாஷ் விளையாட்டுகளை இன்றும் ஓடவைக்கும் ரஃபிள் என்ற மென்பொருளும் தன்னார்வலர்களின் உழைப்பே.

ஆங்கிலப் பக்கத்துக்கு இல்லாத ஒரு சிக்கல் தமிழ்ப் பக்கத்துக்கு உண்டு. 1996இல் எழுதப்பட்ட ஆங்கிலப் பக்கம் இன்றைய உலாவியில் திறந்தால் வாசிக்க முடிகிறது. அதே காலத்துத் தமிழ்ப் பக்கத்தை வாசிக்க முடிவதில்லை. ஏனெனில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமாகிய யூனிகோடு பரவும்வரை பல தளங்கள் தத்தமக்கென ஒரு எழுத்துருவை வைத்திருந்தன, அதை இறக்கிக் கணினியில் நிறுவிய பிறகே வாசகர் உள்ளே நுழைய முடிந்தது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுக்கும் அக்காலத்துக் குறியாக்க முறைகளுள் ஒன்றான திஸ்கியில் எழுதிய ‘தமிழ்’ என்ற சொல், உரிய எழுத்துரு இல்லாத கணினியில், முக்கால் என்னும் பின்னம், தலையில் சாய்கோடு ஏந்திய உரோமன் ஏ, சென்ட் நாணயக் குறி, சாய்கோடு ஏந்திய யூ என நான்கு குறிகளாகத் தெரியும். ஈழத்தமிழர் பெரிதும் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் சிறிய உரோமன் எம் இருக்கும் இடத்தில் அகரமும், கே இருக்கும் இடத்தில் மகரமும், அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்ப்புள்ளியும் அமர்ந்திருக்கும். தமிழ்நெட்99 மாநாடு தந்த டாம், டாப் என்னும் குறியாக்க முறைகளும், நாளிதழ்களும் வார இதழ்களும் தமக்கென வைத்திருந்த முறைகளும் இவற்றோடு சேரும். சில தளங்கள் எழுத்துருவைப் பக்கத்தோடு தானே வந்திறங்கும்படி அமைத்தன. அந்த வசதியோ இன்டர்நெட் எக்ஸ்புளோரரையும் நெட்ஸ்கேப்பையும் நம்பியிருந்தது, இரண்டுமே இன்று இல்லை. அமெரிக்காவின் இணைய ஆவணக் காப்பகத்தில் ஒரு பக்கத்தின் நகல் கிடைத்தாலும், அதன் எழுத்துருவும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் போதாதா என்று தங்கள் அலுவலர்கள் கேட்கக்கூடும். மாற்ற வேண்டும், மறுக்கவில்லை. தேடுவதற்கும் ஆய்வுக்கும் அதுவே வழி. ஆனால் மாற்றியபின் மூலத்தை வீசிவிடக் கூடாது. திஸ்கியில் கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடிலோ பின்னால். மாற்றித் தரும் மென்பொருள் தடுமாறினால் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தமிழும் ஆங்கிலமும் கலந்த பாமினிப் பக்கத்தில் எது தமிழ், எது ஆங்கிலம் என்பதை மூல நிரலில் உள்ள எழுத்துருப் பெயரை வைத்துத்தான் அறிய முடியும். பக்கத்தைத் ‘தூய்மை’ செய்கிறோம் என்று அந்தக் குறிகளை நீக்கிவிட்டால் பிழையைக் கண்டுபிடிக்கவும் வழியிருக்காது, திருத்தவும் வழியிருக்காது.

இதற்கு முன்னோடியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஓவியக் கலைஞர் ஒருவர் தம் சொந்த ஆர்வத்தால் சேர்த்த நூல்களிலும் இதழ்களிலும் துண்டறிக்கைகளிலும் இருந்து பிறந்தது. நாடக நோட்டீசு எதற்கு என்று அவர் ஒதுக்கியிருந்தால் இன்று தமிழ் நாடக வரலாறு எழுதுவோர் கையைப் பிசைந்துகொண்டிருப்பார்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டில் அச்சாகும் நூலின் ஒரு படி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு வந்துசேர வேண்டும். வலைப்பக்கத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே யாரேனும் முனைந்து சேர்த்தால்தான் உண்டு.

பக்கங்களைத் திரட்டுவதற்கு முன்பே எழுத்துருக்களையும், விசைப்பலகை மென்பொருள்களையும், குறியாக்க அட்டவணைகளையும் திரட்டத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பக்கங்களின் நகல் வேறெங்காவது இருக்கலாம்; எழுத்துருக்களோ தனியாரின் நெகிழ்வட்டுகளிலும் குறுந்தகடுகளிலும் கிடக்கின்றன, சென்னையின் ஈரக்காற்றில் அவை நெடுநாள் தாங்கா. அவற்றை உருவாக்கியவர்களில் பலர் நம்மிடையே இருக்கும்போதே அனுமதி பெறுவதும் எளிது. வணிக எழுத்துருக்களுக்குக் கழகத்தின் பெயரில் ஒரு கடிதம் போனால் கிடைக்கும் மரியாதை எங்களைப் போன்ற தனிமனிதர்கள் எழுதினால் கிடைப்பதில்லை. அதன்பின், விண்டோஸ் 98 ஓடும் கணினி ஒன்றையோ அதைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருளையோ கோட்டூர்புரம் அலுவலகத்தில் வைத்தால், ஆய்வு மாணவர் அப்பக்கங்களை அன்று இருந்தபடியே பார்க்கலாம். வலை பிறந்த இடமான ஐரோப்பிய செர்ன் ஆய்வகம் உலகின் முதல் வலைத்தளத்தை 2013இல் அதன் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்தது. நாம் கேட்பது அதைவிடப் பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று.

மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் உதிரிப் பாகம் தேடி அலையும் ஆர்வலர்கள் சிலர் இந்நகரில் இருக்கிறோம். பழைய வட்டுகளைப் படிக்கும் கருவிகள் எங்களிடம் உள்ளன, ஓய்வு நாள்களில் வந்து ஊதியமின்றி உதவவும் அணியமாக இருக்கிறோம். என்னிடமுள்ள எழுத்துருக் கோப்புகளை நகலெடுத்து, அவை எந்தத் தளத்திலிருந்து வந்தவை என்ற குறிப்போடு ஒப்படைக்க விரும்புகிறேன். கழகத்தில் எந்த அலுவலரிடம், எந்த வடிவில் தர வேண்டும் என்பதைத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பழங்கணினி ஆர்வலர் ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை