2024–25 ஆண்டறிக்கை: எழுதிய கடிதங்களும் வந்த பதில்களும்

அவைத் தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கையை இப்பேரவையின் முன் வைக்கிறேன்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். உறுப்பினர் வீடுகள் 112. சந்தா பாக்கி 19 வீடுகள். பெயர் படிக்கவில்லை, அவரவருக்குத் தெரியும். செயற்குழு ஒன்பது முறை கூடியது. சுதந்திர தினக் கொடியேற்றம், பொங்கல் கோலப்போட்டி இரண்டும் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் அம்மா தனியாக வாசிப்பார்கள்.

இனி இந்த ஆண்டின் பெரிய வேலைக்கு வருகிறேன். நாம் அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்கள் மொத்தம் 23. அதில் காரியம் நடந்தவை 14. முந்தைய ஆண்டு 31 கடிதம் எழுதி நான்கில்தான் பலன் கிடைத்தது. அந்த 31-ஐயும் எழுதியவன் நானே என்பதால், என்ன மாறியது என்று சொல்லும் கடமையும் எனக்குத்தான்.

முந்தைய ஆண்டுக் கடிதம் ஒன்றைச் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். நான்கு பக்கம். “நாடு விடுதலை பெற்று இத்தனை ஆண்டுகள் ஆகியும்” என்று தொடங்கும். தெருவிளக்கு, குப்பை, தெருநாய், குடிநீர்க் கசிவு, கொசு, வேகத்தடை, நிழற்குடை என்று ஏழு குறைகளையும் அதில் கொட்டியிருந்தேன். தபால் பிரிவில் இருந்த அம்மா இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, “சார், இதை எந்தப் பிரிவுக்கு அனுப்பட்டும்? ஒரு மனுவுக்கு ஒரு நம்பர்தான் போட முடியும்” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் நடந்தது. மனு சுகாதாரப் பிரிவுக்குப் போய், நாயைப் பற்றி மட்டும் ஒரு வரி பதில் வந்தது. மற்ற ஆறும் அந்தக் கோப்பிலேயே தூங்கின.

அதனால் இந்த ஆண்டு ஒரு கடிதத்துக்கு ஒரே குறை என்று வைத்துக்கொண்டோம். ஜூலையில் எழுதிய விளக்குக் கடிதத்தின் பொருள் வரி இது: “4-ஆம் குறுக்குத் தெரு, மின்கம்ப எண் 17-இல் தெருவிளக்கு 12 நாட்களாக எரியாதது – சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.” கீழே ஆறே வரிகள். கம்பத்து எண்ணைக் குறித்துவரப் போன தம்பி, சுவரொட்டியைக் கிழித்துத்தான் அதைக் கண்டுபிடித்தான். எண் இருந்ததால் ஊழியர் தெருத்தெருவாகத் தேட வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது. இன்னொரு விஷயம்: நம் பகுதியில் கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை, அதில் தொங்கும் விளக்கு மாநகராட்சியுடையது. முன்பெல்லாம் விளக்குக்கு மின்வாரியத்துக்கும், சாய்ந்த கம்பத்துக்கு மாநகராட்சிக்கும் எழுதி, இரண்டு இடத்திலும் “எங்களுடையது இல்லை” என்று கேட்டுத் திரும்பியிருக்கிறோம்.

தெருநாய் விஷயத்தில் நாம் கேட்டதே தவறு. “பிடித்துக்கொண்டு போய் வேறெங்காவது விடுங்கள்” என்று எழுதினோம். விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-இன்படி, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அதிகாரியால் செய்ய முடியாததைக் கேட்டால் அவர் என்ன செய்வார்? அப்புறம் கருத்தடையும் தடுப்பூசியும் கேட்டு எழுதினோம். வண்டி வந்தது. நாய்கள் திரும்பியும் வந்தன, காதில் அடையாள வெட்டோடு. இதில் சிலருக்கு மனக்குறை உண்டு என்பது எனக்குத் தெரியும்.

ஓர் உறுப்பினர் எழுதித் தந்த வரைவில் பொறியாளரைச் “சோம்பேறி” என்றும், அதைவிடக் கடுமையாகவும் எழுதியிருந்தது. செயற்குழு அந்த வரிகளை நீக்கியதில் அவருக்கு இன்னும் வருத்தம். ஏணியோடு ஆள் அனுப்ப வேண்டியவரே அந்தப் பொறியாளர்தான், ஐயா. வேறு வழியில்லை.

அதிக நேரம் பிடித்தது பிரதான சாலை வடிகால். பள்ளிக்கூடத்துக்கு எதிரே மூன்று மூடிப் பலகைகள் உடைந்திருந்தன. ஜூனில் மாநகராட்சிக்கு எழுதினோம். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினோம். அதன் ‘பார்வை’யில், அதாவது முந்தைய கடிதங்களையும் ஆணைகளையும் சுட்டும் வரியில், முதல் கடிதத்தின் தேதியோடு, பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 2015-ஆம் ஆண்டு அரசாணை 99-ஐயும் குறிப்பிட்டோம். மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்று சொல்லும் ஆணை அது. அப்போதும் பதில் இல்லை.

பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். அந்தச் சட்டம் குடிமக்களுக்கான உரிமை என்பதால், சங்கத்தின் பெயரில் போட்டால் திருப்பிவிட வாய்ப்புண்டு. பொருளாளர் அம்மா தன் சொந்தப் பெயரில், கட்டணத்துக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை (ஸ்டாம்ப்) ஒட்டி அனுப்பினார்கள். “ஏன் செய்யவில்லை?” என்று கேட்கவில்லை. “எங்கள் மனுவின் மீது எடுத்த நடவடிக்கை பற்றிய கோப்புக் குறிப்பின் நகல் தருக” என்று கேட்டோம். 27-ஆம் நாள் பதில் வந்தது: அந்தச் சாலையும் வடிகாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. ஐந்து மாதம் தவறான கதவைத் தட்டியிருக்கிறோம்! முதல் நாளே யாராவது ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நாமும் எழுதுவதற்கு முன் விசாரித்திருக்கலாம்.

நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளருக்குப் புதிதாக எழுதினோம். இம்முறை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா டேப்போடு வந்து அளந்தார். பெரிய ஓட்டை நாலடிக்கு இரண்டரை அடி. ஆழத்துக்கு ஒரு மூங்கில் கழியை இறக்கி, நனைந்த இடம்வரை சுண்ணாம்பால் கோடு போட்டு, அந்தக் கழியோடு படம் எடுத்தோம். பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமலிருக்க எதிர்வீட்டு அக்கா கட்டிவிட்ட சிவப்புத் துணியும் படத்தில் விழுந்திருக்கிறது. பிப்ரவரியில் அந்தப் பெரிய பலகையை மாற்றிவிட்டார்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். தட்டச்சு, நகல், தபால், ஆட்டோ எல்லாம் சேர்த்து 2,140 ரூபாய். ஒவ்வொரு கடிதத்தின் நகலும், அலுவலக முத்திரையோ தபால் ஒப்புகை அட்டையோ ஒட்டி, நீல நிறக் கோப்பில் இருக்கிறது. முத்திரை வாங்காமல் வந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கடிதம் வரவே இல்லை என்று பிறகு சொன்னார்கள். கொடுத்துவிட்டு வந்தவன் நான்தான்.

வடிகாலில் இரண்டு பலகைகள் இன்னும் பாக்கி. அதற்கான அடுத்த நினைவூட்டல் தயாராகி என் பையில் இருக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் அதன் நகலைக் கொடுக்கப் போகிறோம். டீ வரும்போது தாள் சுற்றி வரும். கையெழுத்துக்குக் கீழே கதவு எண்ணையும் எழுதிவிடுங்கள். காலை ஒன்பதரைக்கு என்னோடு வர இரண்டு பேர் தேவை.

இப்படிக்கு,
செயலாளர்