2029 நவம்பர் வரைக்கும்

தம்பி,

புது வண்டியே வாங்குங்கள் அப்பா, பாதிப் பணம் நான் அனுப்புகிறேன் என்று நேற்று போனில் சொன்னாய். அம்மா பக்கத்தில் இருந்தாள், அதனால் சரி சரி என்று வைத்துவிட்டேன். பணம் அனுப்பாதே. பழைய பிக்கப் ஒன்று பார்த்து முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

பெர்த்தில் நீ ஓட்டுகிற யூட் பிக்கப்பை எஞ்சின் படுக்கிற வரைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கலாம். இங்கே சிங்கப்பூரில் அப்படியா? நம் வெள்ளை ஹைலக்ஸை 2005 டிசம்பரில் எடுத்தேன். 2015-இல் சிஓஇ-யை, அதாவது வண்டி வைத்துக்கொள்ள அரசாங்கத்திடம் வாங்குகிற பத்து வருட உரிமத்தை, இன்னொரு பத்து வருடத்துக்குப் புதுப்பித்தேன், அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது அதற்குத்தான். இந்த 2025 டிசம்பரோடு 20 வருடம் முடிகிறது, சரக்கு வண்டிக்கு அதற்கு மேல் ஆயுள் கிடையாது. இன்னும் ஒரே சாவியில் கிளம்புகிறது, ஆனாலும் ஸ்கிராப்தான். புதிதாக வாங்குவதென்றால் வண்டி விலையை விடு, சரக்கு வண்டிக்கான சி பிரிவு சிஓஇ மட்டுமே 60,000 வெள்ளிக்கு மேல். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து தேக்கா மார்க்கெட்டுக்கு வெங்காய மூட்டை ஏற்றுகிறவனுக்கு எதற்கு அது?

மூன்று ஞாயிறு அலைந்தேன். ஊபி, காக்கி புக்கிட், கிராஞ்சி எல்லாம் பார்த்தாயிற்று. மெக்கானிக் அங்கிளும் கூட வந்தார், பரோட்டாவுக்கு ஆசைப்பட்டு. உனக்குப் பிடிக்குமே என்று இரண்டு வரிசை சீட் வைத்த டபுள் கேப் ஒன்றையும் பார்த்தேன். ஆள் உட்கார நல்ல வசதி, பின்னால் தட்டு குட்டை. காய்கறிக் கூடை அதில் எத்தனை பிடிக்கும்?

காக்கி புக்கிட்டில் ஒன்று, 24,000 வெள்ளி, கண்ணாடி மாதிரி பளபளத்தது. இன்றைக்கு யாருமே ஸ்டார்ட் பண்ணவில்லை அங்கிள் என்றான் விற்கிற பையன். பானெட்டில் கை வைத்தால் சூடு. குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, என்ன புகை விடுகிறது என்று நாங்கள் பார்க்கக்கூடாதாம், முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறான். குனிந்து அடியில் தடவினேன், விரலெல்லாம் கறுப்பு, பெயிண்ட் அடித்து இரண்டு நாள்கூட இருக்காது. மெக்கானிக் அங்கிள் ஒன்றும் பேசவில்லை. பின் தட்டில் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பின் மூலையைத் தூக்கினார். குப்பென்று மீன் வாடை. ஐஸ் தண்ணீர் உப்போடு வருடக்கணக்கில் ஓட்டை வழியாகச் சேசிஸ் மேல் ஒழுகியிருக்கிறது. ஸ்குரூடிரைவரால் இரண்டு தட்டு தட்டினார், அப்பள‌ம் மாதிரி உதிர்ந்தது.

அந்தப் பையனைத் திட்டக்கூடத் தோன்றவில்லை, அவனுக்கும் மாசச் சம்பளம்.

நான் எடுத்தது கிராஞ்சியில். ஏர்கான் வேலைக்கு ஓடிய வண்டி, சிங்கிள் கேப், 38,000 வெள்ளி. ஏணி உரசிய கீறல் இரண்டு பக்கமும், பின் கதவில் ஒரு நெளிசல். பார்க்க அழகில்லை, ஆனால் எதையும் மறைக்கவில்லை. எஞ்சின் ஜில்லென்று இருந்தபோதே ஒரே தடவையில் கிளம்பியது, பட்டறை ரசீதெல்லாம் தேதி வாரியாக வைத்திருந்தார்கள். 2019 வண்டி, யூரோ 6 புகை விதிக்கு ஏற்ற டீசல். புகைக்கரி பிடிக்கிற ஃபில்டர் ஒன்று அதில் இருக்கிறது, கிட்டக் கிட்டவே ஓட்டினால் அடைத்துக்கொள்ளுமாம். அதனால் வாரம் ஒரு தடவை பிஐஇ விரைவுச்சாலையில் துவாஸ் வரைக்கும் ஓட்டிவிட்டு வரச் சொல்கிறார் மெக்கானிக் அங்கிள். நல்ல சாக்கு.

24,000 விட்டு 38,000 கொடுத்தீர்களா என்று கேட்பாய். கணக்குப் போட்டுப் பார். அந்த மீன் வண்டிக்கு சிஓஇ இன்னும் 28 மாதம்தான், மாதத்துக்கு 857 வெள்ளி விழுகிறது. இதற்கு 48 மாதம் இருக்கிறது, மாதம் 792 தான். இந்த ஊரில் இரும்பைப் பார்த்து விலை போடுவதில்லை தம்பி, மிச்சமிருக்கிற மாதத்துக்குத்தான் விலை.

கையெழுத்துப் போடும்போது கிராஞ்சிக் கடைக்காரர், முடிந்ததும் இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம் அங்கிள், பாதிப் பணம்தான் என்றார். நான் பதில் சொல்லவில்லை. போன தீபாவளிக்கு வந்தபோது எப்போதுதான் வேலையை விடுவீர்கள் என்று கேட்டாயே, அப்போதும் நான் மழுப்பினேன். இந்த வண்டியின் சிஓஇ 2029 நவம்பரில் முடிகிறது. எனக்கு அப்போது 68. புதுப்பிக்கப் போவதில்லை.

அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடாதே, இன்றைக்கே எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

புதன்கிழமை சாயங்காலம் வண்டியை என் பேருக்கு மாற்றுகிறார்கள். கடைக்காரர் போனில் பதிவு போடுவார், நான் சிங்பாஸ் என்கிற அரசாங்க ஆப்பில் போய் ஒத்துக்கொள்ள வேண்டுமாம். எதை அமுக்குவது என்று எனக்குத் தெரியாது, ஏழு மணிக்குக் கூப்பிடுவேன். உன் ஊருக்கும் நம் ஊருக்கும் ஒரே நேரம்தான், தூங்கிவிட்டேன் என்று சொல்லாதே.

அப்பா