சுடாத கோதில் விழுந்த வெடிப்பு

கொக்குவில்,
மார்கழி.

அன்பின் மச்சான்,

ஐப்பசியில நீ எழுதினதுக்கு இப்பதான் பதில் எழுதிறன், கோவிக்காதை. மாரி தொடங்கினதும் கூரை ஒழுக்கு, பிறகு அக்காவின்ர கண் ஒப்பரேஷன், இப்பிடியே இரண்டு மாதம் போட்டுது. எல்லாரும் சுகம். அக்கா இப்ப தானே ஊசி கோக்கிறா. சைக்கிள் வாத்தியாற்ற வளவை வித்துப்போட்டினம். அந்த மாமரம் மட்டும் நிக்குது.

இண்டைக்குக் கட்டாயம் எழுதவேண்டி வந்தது நீ அனுப்பின துவக்கு ரவைக் கோதுகளின்ர படத்தால. படத்தைவிட, அதுக்குக் கீழ நீ எழுதின வரியால: "எல்லாத்தையும் அடி முதல் நுனி மட்டும் சிவக்கக் காய்ச்சி எடுக்கப்போறன்." காலமை போனில "செய்யாதை" எண்டு ஒரு சொல் அனுப்பினன், பாத்திருப்பாய். காரணத்தை அந்தச் சின்னத் திரையில தட்டி முடியாது.

முதல் உன்ர வேலையைச் சொல்லவேணும். 303 எண்ட ஆமித் துவக்கு ரவையின்ர கோதைக் கழுத்தில ஒடுக்கி, சின்னக் குண்டுக்கு ஏத்த 303/25 ஆக்கினது அச்சொட்டாய் வந்திருக்கு. ஒடுக்கேக்க எண்ணெய் கூடினால் கழுத்துக்குக் கீழ சரியிற தோளில பள்ளம் விழும் எண்டு நீதான் முந்தி எழுதினனி. படத்தில ஒரு பள்ளத்தையும் காணேல்லை. அவுஸ்திரேலியாவின்ர நியூ சவுத் வேல்ஸில ஆமி பாவிக்கிற அளவுத் துவக்கைச் சனம் வைச்சிருக்கக் கூடாது எண்டு சட்டம் இருந்ததாலதான் அந்தக் காலத்து ஆக்கள் 303 கோதை இப்பிடி மாத்தினவை எண்டு நீ சொன்னதை நான் கடையில ரண்டு பேருக்குச் சொல்லிப்போட்டன். வீட்டு மேசையில டை எண்ட ஒடுக்கிற அச்சை வைச்சுத் தானே ஒரு ரவையை உண்டாக்கி, அதால இலக்குச் சுடுறது! அந்த ஆசை எனக்கு நல்லாய் விளங்குது. அப்பாவும் பட்டறையில பித்தளைத் தகட்டை அடிச்சுத் தண்ணிச் செம்பு ஆக்கேக்க அதே முகத்தோடதான் இருப்பார்.

60 கோதில 11 இன்ர கழுத்தில நெடுக்காய் மயிர்க்கீறல். ஒரு வெடியும் வைக்கேல்லை, நாலு மாதம் பெட்டியில சும்மா கிடந்தது. "பித்தளை கூடாது" எண்டு செய்தவனைத் திட்டுறாய். பித்தளையில பிழை இல்லை மச்சான். ஒடுக்க முன்னம் நீ கோதுகளை எதில கழுவினனி? அந்த மூக்கைத் துளைக்கிற கண்ணாடி துடைக்கிற தண்ணியில எண்டு போன கடிதத்தில இருக்கு, எடுத்துப் பார். எதையும் மினுக்காமல் உனக்கு நித்திரை வராது எண்டது எனக்குத் தெரியாதே! உங்கட அம்மாவின்ர குத்துவிளக்கில முகம் பாத்துத் தலை இழுத்தவன் நீ.

அந்த மணம் அமோனியா. எங்கட வீட்டிலயும் இது நடந்தது. ஒரு மாரிக்கு முன்னம் அப்பா அடிச்சு வைச்ச செம்புகளை மாட்டுக்கொட்டில் பரணில ஏத்தி வைச்சார், பட்டறை ஒழுகினபடியால். தை பிறந்து இறக்கினால், ஏழெட்டுச் செம்பின்ர கழுத்து வெடிச்சிருந்தது. ஒருத்தரும் தொடேல்லை, விழேல்லை. கண்ணூறு எண்டு ஆச்சி சொன்னா. அப்பா ஒண்டும் பேசாமல் கீழ மாட்டு மூத்திரம் ஊறிக்கிடந்த நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார். அதுக்குப் பிறகு பித்தளை அந்தப் பக்கம் போனதே இல்லை.

வெள்ளைக்காரன்ர ஆமிக்கும் இந்தியாவில இதே கதைதான். மழைக்காலத்தில சண்டை இல்லை எண்டு ரவைகளைக் குதிரை லாயத்தில அடுக்கி வைப்பினமாம். மழை விட்டு எடுத்துப் பாத்தால் கோதெல்லாம் வெடிப்பு. பருவ வெடிப்பு எண்டே அதுக்குப் பேர் வந்தது. குதிரை மூத்திரத்தில இருந்து எழும்பின அமோனியாதான் காரணம் எண்டதை 1921 இலதான் விளங்கப்படுத்தினவை.

ஆனால் அமோனியா தனிய நிண்டு இதைச் செய்யாது. கோதுப் பித்தளை எண்டால் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அதை அடிச்சாலும் ஒடுக்கினாலும் இறுகும், உள்ளுக்க ஒரு இழுவை நிண்டுகொள்ளும். பித்தளை முழுக்கச் சின்னச் சின்ன மணிகள் ஒட்டிக் கிடக்கிறமாதிரி. அமோனியாவும் ஈரமும் மணிக்கும் மணிக்கும் நடுவில அரிக்கும், உள்ளுக்க நிண்ட இழுவை அந்த இடத்தைப் பிரிக்கும். இழுவை கழுத்திலதான் கூட. ஏனெண்டால் நீ ஒடுக்கினது அங்க.

ஆனபடியால் அந்த இழுவையை இளக்க அனல் காட்டவேணும் எண்டு நீ நினைச்சது சரி. முழுக்கோதையும் எண்டதுதான் பிழை. பெரிய பிழை. கோதின்ர அடி இறுக்கமாய் இருக்கவேணும். வெடிக்கேக்க சதுர அங்குலத்துக்கு 40,000 இறாத்தலுக்கு மேல அமுக்கம் வரும். இளகின அடி அதைத் தாங்காது, பிளந்து காஸ் பின்பக்கத்தால வரும். அங்க இருக்கிறது உன்ர கண், மச்சான். அந்த வரியை வாசிச்ச நேரம் துடங்கி எனக்கு வேற ஒண்டும் ஓடேல்லை.

இந்தியன் ஆமி காலத்தில ரோட்டுக்கரையில பொறுக்கின கோதுகளை நீ மறந்திருக்க மாட்டாய். கழுத்தைச் சுத்தி நீலமும் தவிட்டு நிறமுமாய் ஒரு சாயை, தோளுக்குக் கொஞ்சம் கீழ வந்து நிண்டுவிடும். அதுக்குக் கீழ பளிச்செண்ட மஞ்சள். சுட்ட சூட்டில கறுத்தது எண்டு நீ சொன்னாய். சுட்டதால வந்ததெண்டால் ஏன் அடி கறுக்கேல்லை எண்டு அப்பா கேட்டார், ஞாபகமே? அது செய்தவனே கழுத்துக்கு மட்டும் காட்டின அனல். பிறகு அப்பா அவ்வளவையும் பறிச்சுக்கொண்டுபோய்க் கிணத்துக்க கொட்டினார். ஒரு சோதனையில அது ஆம்பிட்டிருந்தால் எங்கட கதி என்ன? இப்பவும் சொல்லிறன், படம் மட்டும் அனுப்பு. வெறுங் கோதைக்கூட இஞ்சத்தைய தபாலில போடாதை.

அந்தச் சாயைதான் உனக்கு அளவு. தட்டத்தில தண்ணி விட்டுக் கோதை நிமித்தி வை, பாதி உடம்பு தண்ணிக்க நிக்கவேணும். கழுத்திலயும் தோளிலயும் மட்டும் சுவாலையைச் சுத்திக் காட்டு, சில செக்கன் காணும். லைற்றை மங்கலாக்கிப்போட்டுச் செய். சிவக்கத் தொடங்கினால் கூடிப்போச்சு, அதைக் கழி. நிறம் மாறின உடன தட்டி விழுத்து. தண்ணிக்க விழுந்தால் இரும்புமாதிரி இறுகிப்போகுமோ எண்டு பயப்பிடாதை, பித்தளை அப்பிடி இறுகாது. தண்ணி சூட்டைக் கீழ போகவிடாமல் மறிக்கும், அவ்வளவுதான்.

கழுவிறதுக்குப் பழப்புளி போதும். கரைச்சு, ஊறவிட்டு, கனநேரம் விடாமல் எடுத்து நல்ல தண்ணியில அலசிக் காயவை. உங்கட கடைகளில எலுமிச்சைப் புளிப்புத் தூள் விப்பினம், அதுவும் அதே வேலைதான்.

மிச்ச 49 ஐயும் நீ விடமாட்டாய் எண்டு தெரியும். டை ஏத்தினது, வாய் வெட்டினது, தடிச்ச கழுத்தை உள்ளால சுரண்டினது, எத்தினை இரவு இருந்திருப்பாய். ஆனால் அதுகளும் அதே தண்ணி குடிச்சதுதான், கீறல் கண்ணுக்குத் தெரியேல்லை, அவ்வளவுதான். குறட்டால நசிச்சுப்போட்டுப் பழைய பித்தளைக்குப் போடு. நசிச்சதைப் படம் எடுத்து அனுப்பு, நான் பாக்கவேணும்.

புதுசாய் ஒடுக்கிறதில முதல் அஞ்சின்ர கழுத்தையும் கிட்டப் பிடிச்சு எடுத்து விடு. சாயை எவ்வளவு கீழ இறங்கியிருக்கு எண்டு பாத்துச் சொல்லிறன். வீட்டில எல்லாரையும் கேட்டதாய்ச் சொல்லு.

உன்ர,
கன்னார் பெடியன்